மொகிலி கணவாயில் விளக்கெண்ணெய் பிரேக்

போன மாதம் எங்கள் சித்தூர் மருத்துவமனைக்குப் புது வண்டி வந்தது. அதோடு சீல் வைத்த தகரக் குப்பிகளில் பிரேக் எண்ணெயும் வந்தது. இப்போது அங்கே கம்பவுண்டராக இருக்கும் சுகுணா அந்தக் குப்பி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, யுத்த காலத்துல நம்ம பழைய பிக்கப் வண்டிக்கு நீங்கதான் பேதிக்குக் குடுக்கிற விளக்கெண்ணெய ஊத்தி ஓட வெச்சீங்களாமே, நெசமா?”

“பாதி நெசம்.”

“மீதியையும் சேத்து எழுதிக் குடுங்க. மருத்துவமனை மலர்ல போடணும். வேலையிலேர்ந்து ஓய்வு பெத்தவங்க எல்லாரையும் கேட்டுக்கினு இருக்கோம்.”

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு என் கணவர் சிரித்துவிட்டார். அவர் மிஷன் பள்ளி ஆசிரியர். சொற்களைச் சும்மா விடமாட்டார். எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. சுகுணா பேசிக்கொண்டிருந்தபோது கைக்குழந்தையான இளையவன் என் மடியில் இருந்தான். மூத்தவள் எஸ்தர் அந்தத் தகரக் குப்பியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இரண்டாவது பிள்ளைக்காக வேலையை விட்டவள் நான். திரும்பப் போகப்போவதில்லை. ஆகவே ஓய்வு பெற்றவள்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சித்தூரில் பள்ளி, வேலூரில் கம்பவுண்டர் பயிற்சி. அளந்து ஊற்றவும், ஊற்றியதை மறுபடி அளக்கவும் அங்கே கற்றேன். மறுபடி அளப்பது பயிற்சியால் வந்ததா, என் சுபாவமா என்று எனக்கே தெரியாது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான்.

எங்கள் பிக்கப் அமெரிக்காவில் செய்தது. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் தட்டு, அதன்மேல் தார்ப்பாய்க் கூரை. வாரத்தில் ஒருநாள் சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு மருந்துப் பெட்டிகளோடு போகும். வெள்ளிக்கிழமைகளில் பலமனேரில் நடக்கும் பிள்ளைப்பேறு முகாமுக்குப் போகும். திருப்பதிப் பாதை பெரும்பாலும் சமதளம். பலமனேர் மேட்டில் இருப்பதால் போகும்போது மொகிலி கணவாயில் ஏறவேண்டும், வரும்போது இறங்கவேண்டும். இறங்கும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

யுத்தம் வந்ததும் எங்கள் மெக்கானிக் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மதராஸிலிருந்து வந்துகொண்டிருந்த பிரேக் எண்ணெயும் நின்றது. மிச்சமிருந்த கடைசிக் குப்பியின் மேலிருந்த சீட்டைப் படித்துப் பார்த்த எங்கள் பெரிய டாக்டரம்மா அதை என் மேசைமேல் வைத்தார். விளக்கெண்ணெயும் சாராய வகை ஒன்றும் கலந்தது என்று அதில் இருந்தது.

“விளக்கெண்ணெய் நம்மிடம் இருக்கிறது. ஸ்பிரிட்டும் இருக்கிறது. கலக்கத் தெரிந்தவள் நீ” என்றார்.

அப்படித்தான் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தேன். முதலில் கலவை மட்டும். விளக்கெண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் ஸ்பிரிட் சேர்த்ததும் கலங்கிவிடும். கடையில் காய்ச்சி விற்கும் எண்ணெயை நான் தொடவில்லை. நோயாளிகளுக்கென்று வரும் தெளிந்த எண்ணெயைத்தான் எடுத்தேன். பிறகு மெல்ல மெல்ல மற்ற வேலைகளும் என்னிடம் வந்து சேர்ந்தன.

சுகுணாவுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஓட்டுநர் பெடலை மிதித்தால் தரைப்பலகைக்கு அடியிலிருக்கும் பெரிய சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய்கள் வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஓடும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன சிலிண்டர். அதற்குள் கவிழ்த்துவைத்த கிண்ணம்போல இரண்டு ரப்பர்கள். எண்ணெய் அவற்றைத் தள்ள, அவை இரண்டு இரும்பு ஷூக்களை விரிக்க, ஷூக்கள் சுற்றுகிற டிரம்மைப் பிடிக்கும். அந்த ரப்பர் கிண்ணங்களைத்தான் குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்ளவேண்டும். மற்றப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவலாம். ரப்பரை மண்ணெண்ணெய் தொட்டால் ஊதிப்போகும். ஆகவே அவற்றை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, கிண்ணத்தின் விளிம்பான உதட்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, புதுக் கலவையில் முக்கி, உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்கும்படி உள்ளே வைப்பேன். திருப்பி வைத்தால் அத்தனையும் வீண். வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பேன். மறுபடி வைப்பேன்.

பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை எடுப்பது. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கவேண்டும். சிலிண்டரின் திருகில் ரப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையைக் கலவை உள்ள கண்ணாடிக் குப்பியில் அமிழ்த்தி, நான் கீழே படுத்துக்கொள்வேன். ஓட்டுநர் முனுசாமி மேலே உட்கார்ந்து மிதிப்பார்.

“மிதிங்கண்ணா.”

“மிதிச்சிக்கினுதான் கீறேன்.”

“விடாதீங்க. திருகை மூடிக்கிறேன். இப்போ விடுங்க.”

குப்பியில் குமிழி வருவது நிற்கும்வரை இதுதான். குமிழி நின்ற பிறகும் நான் இன்னும் சில தடவை மிதிக்கச் சொல்வேன். “கம்பவுண்டரம்மா, என் காலு கயண்டு குப்பியில வந்து வுழும், அத்தயும் பாத்துக்கோ” என்பார் முனுசாமி.

இனி டாக்டரம்மாவைப் பற்றி. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சுத்தமான தமிழில் குறைவாகப் பேசுவார். காலையில் வார்டுகளைப் பார்த்து முடித்ததும் ஸ்டெதஸ்கோப்பைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தன் கறுப்பு ஷூவால் பெடலை அழுத்துவார். அது கொஞ்சம் இறங்கிக் கல்லைப்போல நிற்கவேண்டும். நின்றால் இறங்கிவிடுவார். கால் கீழே போனால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். நாங்களே போய் ஷூக்களை டிரம்மோடு இன்னும் நெருக்கவேண்டும். பெடல் உயர்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்பார்: “சரியா?”

“சரிதான் என்று நினைக்கிறேன், டாக்டரம்மா.”

“நினைப்பைக் கேட்கவில்லை.”

“சரி, டாக்டரம்மா.”

அவர் வைத்த விதி ஒன்று இருந்தது. பிரேக்கைப் பிரித்து மூடினால், மூடியவரே அடுத்த முறை அந்த வண்டியில் உட்கார்ந்து கணவாயில் இறங்கி வரவேண்டும். மெக்கானிக் இருந்த காலத்திலேயே வந்த விதி அது. அறுவைக்குப் பிறகு முதல் கட்டை அவிழ்ப்பது அறுத்தவரே என்று அவர் வார்டில் வைத்திருந்த வழக்கத்தை அப்படியே ஷெட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். நானும் பல தடவை இறங்கி வந்திருக்கிறேன். பயம்தான். ஆனால் அப்போது நான் ஒற்றை ஆள்.

எஸ்தர் பிறந்து, நான் வேலைக்குத் திரும்பியபோது அவள் இன்னும் தாய்ப்பாலை விடவில்லை. மதியம் மாமியார் தூக்கிக்கொண்டு வருவார். மருந்தகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் பால் கொடுப்பேன். இந்த ஏற்பாட்டில் நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோளாறு தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை முனுசாமி வெளிறிப்போய் வந்து சேர்ந்தார். கணவாயின் கீழ்ப்பாதியில் பெடல் அடிவரை போய்விட்டதாம். கைப்பிரேக்கை இழுத்து, பாறைப் பக்கம் உரசி நிறுத்தியிருக்கிறார். நாங்கள் ஷெட்டில் மிதித்துப் பார்த்தோம். பெடல் கல்லைப்போல நின்றது.

எல்லாவற்றையும் பிரித்தேன். கசிவு இல்லை, கீறல் இல்லை. ரப்பர்களை மாற்றி, காற்றை எடுத்து, மூடினோம். விதிப்படி அடுத்த வாரம் நான் போகவேண்டியவள். எஸ்தருக்குக் காய்ச்சல் என்று டாக்டரம்மாவே என்னை நிறுத்திவிட்டார். முனுசாமி தனியாகப் போனார். மறுபடி அதே இடத்தில் அதே கதை. வந்ததும் பெடல் சரியாக இருந்தது. திருப்பதிப் பாதையில் ஒரு குறையும் இல்லை. பேருந்து நிலையத்தருகே யாத்திரிகர்கள் குறுக்கே நடந்தாலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

அலுவலகத்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பலமனேரில் முனுசாமி கள்ளுக்கடைக்குப் போகிறார் என்றார்கள். அவர் என்னிடம் வந்து, “வாய ஊதட்டுமா, மோந்து பாரு” என்றார். சிரிக்கவில்லை. “கம்பவுண்டரம்மா, எனக்குத் தெரியாததா? அந்த ஷூவ இன்னும் கொஞ்சம் நெருக்கிக் குடு. பெடலு ஒசரமா இருந்தா நான் சமாளிச்சிக்குவேன்.”

நெருக்க ஸ்பேனரை எடுத்தேன். சக்கரம் ஜாக்கியில் தூக்கி இருந்தது. தற்செயலாகக் கையால் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றுகூடப் போகாமல் உரசிக்கொண்டு நின்றது. உரசினால் சூடு என்று நினைத்த அதே கணத்தில், துடைத்த துணியிலிருந்து ஸ்பிரிட் வாசனை என் மூக்குக்கு எட்டியது. மருந்தகத்தில் ஸ்பிரிட் கலந்த மருந்தை நாங்கள் நேரே தீயில் காட்டமாட்டோம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்குவோம். ஏனென்றால் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ஸ்பிரிட் கொதித்துவிடும். கொதித்தால் குமிழி. குமிழி என்றால் காற்றைப்போலத்தான். மிதித்தால் அமுங்கும், தள்ளாது. ஆறினால் மறைந்துவிடும்.

மருந்தகத்துக்கு ஓடி, எங்கள் கலவையைச் சோதனைக் குழாயில் ஊற்றி வெந்நீரில் இறக்கினேன். தண்ணீர் இன்னும் சலசலக்கவில்லை. கலவையில் குமிழி ஏறியது.

முனுசாமியிடம் கேட்டேன்: “கணவாய்ல எந்த கியர்ல இறங்குறீங்க?”

“கியரா? இன்ஜின நிறுத்திட்டு நியூட்ரல்ல வுட்டுடுவேன். பெட்ரோலு கூப்பனு இன்னா உங்க நைனா குடுக்கிறாரா? டாக்டரம்மாவே மெச்சிக்கிச்சே.”

அதுதான் விஷயம். பெட்ரோலை மிச்சப்படுத்த அவர் முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே பிடித்து வந்தார். பெடல் உயரமாக நிற்கவேண்டுமென்று நாங்கள் ஷூக்களை நெருக்கிக்கொண்டே போனோம். மிதிக்காதபோதும் அவை டிரம்மை உரசின. ஒவ்வொரு பயத்துக்குப் பிறகும் இன்னும் நெருக்கினோம், இன்னும் சூடேறியது. ஆளுக்கொரு பக்கம் எல்லோரும் அக்கறையாகத்தான் இருந்திருக்கிறோம்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஷூக்களைத் தளர்த்தவேண்டும். அப்போது பெடல் உங்கள் சோதனையில் தேறாது, பாதிக்குமேல் இறங்கித்தான் பிடிக்கும். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இரண்டாவது கியரில் வரவேண்டும், பெட்ரோல் செலவாகும். சோதனைக் குழாயையும் காட்டினேன்.

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கெட்டியாக நிற்கிற பிரேக்கை எடுத்துவிட்டு, தொய்ந்துபோன பிரேக்கோடு கணவாயில் இறங்கச் சொல்கிறாய்.”

“ஆமாம், டாக்டரம்மா.”

“மூடியவர் போகவேண்டும். உனக்குப் பால்குடிக் குழந்தை இருக்கிறது. இந்த முறை வேண்டாம் என்று நீ சொன்னால் நான் காரணம் கேட்கமாட்டேன்.”

நான் போகாவிட்டால் யார் போவார்? முனுசாமி. என் கணக்கை நம்பி, தன் கால் வேண்டாம் என்று சொல்லும் பெடலோடு. “போகிறேன்” என்றேன். சொன்ன உடனே வீட்டுக்குப் போய் எஸ்தரைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்தேன். அன்று இரவு நான் உப்புப் போட மறந்த குழம்பைக் கணவர் முழுவதும் சாப்பிட்டார்.

ஷூக்களைத் தளர்த்தி மூடினேன். வெள்ளிக்கிழமை ஏறிப் போனோம். முகாம் வேலை எப்படி நடந்தது என்று எனக்கு நினைவில்லை. மதியத்துக்குமேல் ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். வலி கண்டு நெடுநேரமாகியும் குழந்தை குறுக்கே கிடந்தது. முகாம் நர்ஸ் பார்த்துவிட்டு, “சித்தூருக்குப் போனா பொழைக்கும். இங்க என்னால முடியாது” என்றாள். பேருந்து போய்விட்டிருந்தது. மாட்டுவண்டி மறுநாள்தான் போய்ச் சேரும்.

வெறும் வண்டியோடு இறங்கிப் பார்ப்பது என்றுதான் வந்திருந்தோம். முனுசாமி என்னைத் தனியே தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டார். “பிரேக்கு நீ மூடினது. ஏத்தலாமா, வேணாமா? நீ சொல்றதுதான். ஆனா ‘நெனக்கிறேன்’னு மட்டும் சொல்லாத தாயி.”

கட்டிலில் இருந்தவள் என் வயதுகூட இராது. அவள் கத்தியபோது என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

“ஏத்துங்கண்ணா” என்றேன்.

பின்தட்டில் அந்தப் பெண், அவள் புருஷன், நர்ஸ். முன்னால் நாங்கள் இருவர். மேடு முடிந்து கணவாய் தொடங்கியதும் முனுசாமி இரண்டாவது கியருக்கு மாற்றினார். இன்ஜின் அலறியது. முதல் வளைவில் அவர் கால் இறங்கிக்கொண்டே போவதை நான் பார்த்தேன்.

“இன்னாம்மா இது, பாதாளத்துக்குப் போய்க்கினு கீது!”

“பிடிக்குதா?”

“பிடிக்குது, பிடிக்குது. ஆனா மனசு பிடிக்கலியே.”

அடுத்த வளைவு. அதற்கடுத்தது. கால் அதே ஆழத்துக்குப் போய் அங்கேயே பிடித்தது; அதற்கும் கீழே போகவில்லை. நான் சாலையைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தேன். பாதி இறக்கத்தில் ஒரு சின்னச் சமதளம் வரும். அங்கே நிறுத்தச் சொன்னேன்.

“நல்லா வந்துகினு கீது, எதுக்கும்மா நிறுத்தணும்?”

“நிறுத்துங்கண்ணா.”

இறங்கிச் சக்கரத்தருகே குந்தினேன். பின்னாலிருந்து அந்தப் புருஷன் தலையை நீட்டினான். அவன் பலமனேர்க்காரன், தெலுங்கும் தமிழுமாகக் கத்தினான். “ஏமம்மா, இங்க ஏன் நிறுத்தினீங்க? அவ உசிரு போவுது! தொந்தரகா போங்கம்மா, சீக்கிரம்!”

“ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷமா? உனக்குப் பிள்ளை இருக்குதா, இல்லையா?”

எஸ்தரைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூடு பார்ப்பதுபோல மணிக்கட்டை டிரம்மின் மேல் வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுக்கவேண்டிய அளவுக்கு இல்லை. வைத்தபடியே இருந்தேன். பிறகு மற்ற மூன்றையும் பார்த்தேன். முன்பெல்லாம் இந்த இடத்துக்கு வரும்போது அவற்றின்மேல் எச்சில் துப்பினால் சீறும் என்று முனுசாமி சொல்லியிருக்கிறார்.

ஏறி உட்கார்ந்தேன். “போங்க.”

“தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிது. போங்க.”

முன்பு பெடல் அடிவரை போன அந்த வளைவும் வந்தது. முனுசாமி ஏதோ சாமி பேரைச் சொன்னார். நானும் என் வழக்கப்படி ஜெபித்தேன். கால் இறங்கி, பிடித்து, நின்றது. அதன்பின் சித்தூர்ச் சமதளம்.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை, இருவரும் பிழைத்தார்கள். அவள் புருஷன் மறுநாள் என்னை மருந்தகத்தில் பார்த்து, “நேத்து திட்டிட்டேம்மா” என்றான். பரவாயில்லை என்றேன். நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

இத்துடன் சுகுணா கேட்ட கதை முடிந்துவிடும். ஆனால் எனக்கு அந்த வேலையில் கடினமான நாள் அது அல்ல. அது அடுத்த வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் பின்சக்கரத்து ரப்பர் ஒன்றை மாற்றவேண்டியிருந்தது. மாற்றி, காற்றெடுத்து, மூடினேன். காலையில் டாக்டரம்மா வந்தார். இருக்கையில் ஏறி ஷூவால் அழுத்தினார். பெடல் பாதிக்குமேல் கீழே போயிற்று. வழக்கம்போல உட்கார்ந்தே இருந்தார். நான் ஸ்பேனரை எடுக்கவில்லை.

“இப்படித்தான் இருக்கவேண்டுமா?”

“இப்படித்தான், டாக்டரம்மா.”

“சரியா?”

“சரி.”

அவர் இறங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்து, நான் உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். “முகாமைப் பார்த்து நாளாயிற்று. நீ வீட்டுக்குப் போ. முனுசாமி, வண்டியை எடு.”

முனுசாமி என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தார். பிறகு எடுத்தார்.

வண்டி கேட்டைத் தாண்டும்வரை நிம்மதியாக இருந்தது. தாண்டிய பிறகு, அந்த ரப்பரின் உதடு எந்தப் பக்கம் பார்த்தது என்று யோசிக்கத் தொடங்கினேன். எண்ணெய்ப் பக்கம்தான். நகத்தால் தடவினேனே? தடவினேன். திருகை இறுக்கினேனா? இறுக்கினேன். நானே உட்கார்ந்து போயிருந்தால் இந்தக் கேள்விகளெல்லாம் அந்த இருக்கையில் என்னோடு முடிந்துபோயிருக்கும். இப்போது அவை வீட்டுக்குள் என் பின்னாலேயே நடந்தன. பிள்ளை பெறவரும் இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இருப்பது அந்த ஒரு டாக்டர். என் வாயிலிருந்து வந்த ஒரு ‘சரி’யை நம்பி அவர் கணவாய்க்குப் போயிருக்கிறார்.

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி அலசினேன். “அவதான் அழவேயில்லயே, எதுக்குத் தூக்கிக்கினே இருக்கே?” என்றார் மாமியார். பசியில்லாத குழந்தைக்கு ஒருமுறை பால் கொடுத்தேன். வெயில் இறங்கியதும் மறுபடி கொடுத்தேன். மூன்றாவது தடவை மார்பருகே கொண்டுபோனபோது எஸ்தர் இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டுத் தெருப்பக்கம் தலையைத் திருப்பினாள்.

இரண்டாவது கியரில் அலறிக்கொண்டு எங்கள் வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. சமதளம் வந்த பிறகும் முனுசாமி கியரை மாற்றவில்லை.